நான் வெட்டிய இரண்டு வாக்கியங்கள்

பட்டுப் புடவைக் கடைகளுக்கு விளம்பரம் எழுதுவது என் பிழைப்பு. மீதி நேரத்தில் பத்திரிகைகளுக்கு நகைச்சுவைக் கட்டுரை எழுதுவேன். இரண்டுக்கும் தொழில்நுட்பம் ஒன்றுதான். இருப்பதைக் கொஞ்சம் இழுக்க வேண்டும். இழுத்தது தெரியக் கூடாது. இருபது வருடத்துக்கு மேல் இழுத்துக்கொண்டிருக்கிறேன். இதுவரை ஒரு புடவையும் என்மேல் வழக்குப் போட்டதில்லை.

எங்கள் சபையில் சாட்சி சொல்வது என்று ஒரு வழக்கம் உண்டு. கர்த்தர் தனக்குச் செய்த நன்மையை எழுந்து நின்று எல்லாருக்கும் முன்னால் சொல்ல வேண்டும். வேலை கிடைத்தது, குழந்தை பிறந்தது, லாரி இடிக்காமல் போனது, எதுவானாலும் சரி. அறுவடைக்கு நன்றி சொல்லும் அறுப்பின் பண்டிகை அன்று இதற்கென்றே தனி நேரம். ஆளுக்கு மூன்று நிமிடம் என்பது சட்டம், இருபது நிமிடம் என்பது நடப்பு. கிட்னிக் கல் கரைந்ததைச் சொல்ல வந்தவர், அந்தக் கல் எந்தக் கல்யாண வீட்டுப் பந்தியில் முதன்முதலாக வலித்தது என்பதிலிருந்து ஆரம்பிப்பார். பின்கட்டில் பிரியாணி ஆறிக்கொண்டிருக்கும்.

இதற்கு ஆயர் ஒரு வழி கண்டுபிடித்தார். சாட்சி சொல்ல விரும்புகிறவர்கள் முன்கூட்டியே தாளில் எழுதி என்னிடம் தர வேண்டும். நான் சுருக்கித் திருத்தித் தருவேன். அதைத்தான் அவர்கள் வாசிக்க வேண்டும். அடுத்த மாதம் அதுவே சபை மடலில் அச்சாகும்.

"பிரதர், உங்களுக்குத்தான் எழுத்து வருது. கர்த்தர் குடுத்த தாலந்து. பைபிள்ல வர்ற வேலைக்காரன் மாதிரி பொதச்சி வெச்சிடாதீங்க," என்றார்.

புதைக்கவில்லை. புடவைக்குச் செய்ததையே சாட்சிக்கும் செய்தேன். ஆரம்பத்தில் இருள், நடுவில் கண்ணீர், கடைசியில் வெளிச்சம். சபையார் அழுதார்கள். சாட்சி சொன்னவர்களே தங்கள் சாட்சியைக் கேட்டு அழுதார்கள். என் மனைவி மட்டும் ஒரு நாள் மடலைப் படித்துவிட்டுச் சொன்னாள்: "நீங்க எழுதினா எல்லாரும் ஒரே மாதிரி சுகமாகறாங்க. ஒருத்தருக்காவது பாதி சுகம் கெடைக்கக் கூடாதா?" பொறாமை என்று எடுத்துக்கொண்டேன்.

சபைப் பாட்டுக் குழுவில் பாடும் ஒருவன் என்னிடம் தாள் கொண்டுவந்தது அதற்கு அடுத்த அறுப்பின் பண்டிகைக்கு. முப்பத்தைந்து வயது இருக்கும். அவன் குடும்பமும் என் குடும்பமும் தாமல் கிராமத்துப் பக்கம். இரண்டு தாத்தாக்களும் ஒரே ஏரித் தண்ணீர் பாய்ந்த, யாரோ ஒருவருடைய வயலில் கூலிக்கு நட்டவர்கள். நான் படித்து, பொய்யை அழகாக எழுதும் நிலைக்கு உயர்ந்தேன். அவன் சாயப் பட்டறையில் சேர்ந்தான். கொதிக்கிற தொட்டியில் சாயத்தைக் கரைத்து, சிட்டம் என்கிற பட்டு நூல் கற்றைகளைக் கழியில் மாட்டி முக்கி, நிறம் ஒரே சீராக ஏறும்வரை திருப்பித் திருப்பிப் போடுகிற வேலை. அவன் நகத்தைப் பார்த்தே இந்த வாரம் கடைக்காரர்கள் எந்த நிறம் கேட்கிறார்கள் என்று தெரிந்துகொள்வேன். விளம்பரத்துக்கு உதவும்.

அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே வலிப்பு. சர்ச்சிலேயே இரண்டு முறை விழுந்திருக்கிறான். பெரியாஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா மாத்திரையை மாற்றிக் கொடுத்த பிறகு ஒரு வருடமாக வரவில்லை. அதற்குத்தான் சாட்சி.

கோடு போட்ட நோட்டுத் தாளில் பென்சிலால் எழுதியிருந்தான். எனக்கு இன்றைக்கும் மனப்பாடம். "ஒரு வருசமா எனக்கு வலிப்பு வரவில்லை. கர்த்தருக்கு ஸ்தோத்திரம். பெரியாஸ்பத்திரி மாத்திரை ரெண்டு வேளையும் போட்டுக்கொண்டு இருக்கிறேன். அந்த டாக்டரம்மாவை கர்த்தர் ஆசீர்வதிக்க வேண்டும்."

அவ்வளவுதான். மூன்று நிமிடமல்ல, அரை நிமிடம். சுருக்குவதற்கு வழியே இல்லாததால் பெருக்கினேன். சர்ச்சில் விழுந்தது, வாயில் நுரை, மனைவியின் அலறல், எல்லாம் சேர்த்தேன். படிப்படியாக ஏற்றி உச்சத்துக்குக் கொண்டுபோய் நிறுத்தினால், அங்கே மாத்திரை நிற்கிறது. கல்யாண மேடையில் மாப்பிள்ளை பக்கத்தில் கேஸ் சிலிண்டர் நிற்கிற மாதிரி. கடைசி இரண்டு வாக்கியங்களையும் வெட்டினேன். வெட்டியதும் முடிவு மொட்டையாகத் தெரிந்தது. அதனால் ஒரு வரி போட்டேன்: "இனி அந்த நோய் என்னைத் தொடாது."

தாளை வாங்கி வாய்விட்டுப் படித்துப் பார்த்தான். கடைசி வரி வந்ததும் நிறுத்தினான்.

"இது நான் எழுதலியேண்ணா."

"நல்லா இல்லியா?"

"நல்லாத்தான் இருக்குது," என்றான். தாளையே பார்த்துக்கொண்டிருந்தான். "ரொம்ப நல்லா இருக்குதுண்ணா."

பண்டிகை அன்று வாசித்தான். சபையே எழுந்து நின்று ஸ்தோத்திரம் சொன்னது. ஆயர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் பின்வரிசையில் உட்கார்ந்து, தாழ்மையாக இருப்பதற்குப் பெருமுயற்சி செய்துகொண்டிருந்தேன்.

இரண்டு மாதம் கழித்து பஸ் ஸ்டாண்டு பக்கத்து டீக்கடையில் அவனைப் பார்த்தேன். என் கையில் ஒரு கடையின் பொங்கல் விளம்பரப் புரூஃப்.

"அண்ணா, ஒண்ணு கேக்கணும். நீங்க சிரிக்கக் கூடாது."

"நான் சிரிக்கவெக்கற கட்சிப்பா. சிரிக்கற கட்சி இல்ல. கேளு."

"போன மாசம் பெரியாஸ்பத்திரில மாத்திர வாங்க லைன்ல நின்னுக்கினு இருந்தேன். நம்ம பெண்கள் ஐக்கியம் அம்மா வந்துட்டாங்க."

எங்கள் சபைப் பெண்கள் சங்கமான ஐக்கியத்தின் தலைவி ஓய்வுபெற்ற டீச்சர். அவர் மௌன ஜெபம் செய்தாலே தெருமுனைவரை கேட்கும்.

"என்ன சொன்னாங்க?"

"'என்னப்பா, இனிமே நோய் தொடாதுன்னு அன்னிக்கி அவ்ளோ பேர அழவெச்சே. இங்க எதுக்கு நின்னுக்கினு இருக்கே? யாருக்கு மாத்திர?'ன்னாங்க. லைன்ல எல்லாரும் திரும்பிப் பாக்கறாங்கண்ணா."

"நீ என்ன சொன்னே?"

"எங்க வூட்டுக்காரிக்கு காய்ச்சல்னேன்."

"அவங்க மட்டும் அங்க எதுக்கு வந்தாங்களாம்? கொடி ஏத்தவா? சுகரு மாத்திர வாங்கத்தானே? 'நீங்க எப்பம்மா சாட்சி சொல்லப் போறீங்க'ன்னு கேட்டிருக்கணும் நீ."

அவன் சிரித்தான். டீ டம்ளர் ஆடிப் பாதி டீ கொட்டியது. எனக்குத் திருப்தி. ஒரு மனிதன் தன் உயிரைப் பற்றிக் கேள்வி கேட்க வந்திருக்கிறான், நான் ஒரு ஜோக்கில் அவனை ஜெயித்துவிட்டேன்.

சிரித்து முடித்துவிட்டுக் கேட்டான்: "இல்லண்ணா, நெஜமா கேக்கறேன். சபையில சாட்சி சொல்லிட்டு மாத்திர போட்டா, அது பொய்ச்சாட்சி ஆயிடாதா?"

நான் பதில் சொல்வதற்குள் அவனே சொன்னான்: "அதான் வுட்டுட்டேன். பத்து நாளாச்சி. ஒண்ணும் ஆவல."

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டியது ரொம்பச் சின்ன விஷயம். மாத்திரையை வெட்டியது நான், அந்த வரியைப் போட்டது நான், போய் மாத்திரையைப் போடு. பத்தே வார்த்தை. ஆனால் அதைச் சொன்னால் அடுத்த மடலில் திருத்தம் போட வேண்டும். ஆயர் முகம் சுருங்கும். டீச்சரம்மா மற்ற சாட்சிகளையும் தோண்டுவார். தோண்டினால் கிட்னிக் கல் உட்படப் பலதும் வெளியே வரும். இவ்வளவும் ஒரு வாய் டீ இறங்குவதற்குள் எனக்குத் தோன்றிவிட்டது. கெட்டிக்காரத்தனத்தில் இது ஒரு வசதி.

"அப்பிடியெல்லாம் எடுத்துக்கக் கூடாதுப்பா. எதுக்கும் டாக்டர ஒரு வாட்டி கேட்டுக்கோ. ஞாயித்துக்கிழம பேசுவோம்," என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை பேசவில்லை. அடுத்த ஞாயிறும் இல்லை. பாட்டுக் குழுவில் நின்று அவன் திடமாகப் பாடிக்கொண்டிருந்தான். பார்க்கப் பார்க்க எனக்கு இன்னொரு எண்ணம் வந்தது. ஒருவேளை நிஜமாகவே குணமாகிவிட்டதோ? இதை விசுவாசம் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் அது நான் எழுதிய வரி பலிக்கிறதே என்ற எழுத்தாளனின் பூரிப்பு. கர்த்தரை என் விளம்பரத்துக்குப் பொறுப்பாக்கிவிட்டு நான் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

டீக்கடையில் பேசிய ஆறாவது வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி சுமாருக்கு அவன் மனைவி போன் செய்தாள். வார்த்தை கோவையாக வரவில்லை. "தொட்டியில… ரெண்டு கையும் அண்ணா… தொட்டியில வுழுந்துட்டாரு." அவன் ஒரு சிட்டத்தைத் திருப்பிப் போடக் குனிந்திருக்கிறான். வலிப்பு வந்து அப்படியே முன்பக்கம் சாய்ந்திருக்கிறான். முழங்கைக்கு மேல்வரை கொதிநீர்.

அன்றைக்குத் தொட்டியில் அரக்கு நிறம். ஆஸ்பத்திரியில் டாக்டர்கள் ரொம்ப நேரம் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். எது சாயம், எது வெந்த தோல் என்று பிரித்தறிய முடியவில்லையாம். தடவித் துடைக்கவும் முடியாது. துடைத்தால் தோல் கையோடு வந்தது.

வார்டு வாசலில் பட்டறை முதலாளி நின்றிருந்தார். தலைமுறை தலைமுறையாகக் கோயில் கைங்கரியம் செய்கிற நெசவுக் குடும்பம். நெற்றியில் திருநீறு வேர்வையில் கரைந்து மூக்குவரை வழிந்திருந்தது. அவன் இடுப்பைப் பிடித்து இழுத்து, தோளில் போட்டுக்கொண்டு தெருவுக்கு ஓடி ஆட்டோ பிடித்தவர் அவர்தான். அவருடைய ஒரு கையிலும் கொப்புளம்; அதைக் காட்டவே இல்லை.

"காலையில வந்தா நான் கேக்கற மொதக் கேள்வி அதுதான் சார். மாத்திர போட்டியாடா? அஞ்சு வருசமா கேக்கறேன். இன்னிக்கும் கேட்டேன். போட்டேங்கன்னான்." சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "சர்ச்சுக்குப் போறவன், பொய் சொல்ல மாட்டான்னு வுட்டுட்டேன்."

நான் தலையை ஆட்டினேன். எதற்கு ஆட்டினேன் என்று தெரியவில்லை.

ஐம்பது நாள் கழித்து அவனை வீட்டுக்கு அனுப்பினார்கள். இடது கையில் இரண்டு விரல் மட்டும் வேலை செய்தது. வலது கையில் விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஒரு கரண்டி மாதிரி மடங்கிவிட்டன. ஆஸ்பத்திரியில் இருந்தவரை அவனைக் கேட்காமலேயே மருந்து ஏறிக்கொண்டிருந்தது. வீட்டுக்கு வந்ததும் மாத்திரைக்கு வாயைத் திறக்க மாட்டேன் என்றுவிட்டான்.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை அவன் மனைவி எங்கள் வீட்டுக்கு வந்தாள். ஷூ கம்பெனியில் வேலை. பஸ்ஸிலிருந்து இறங்கி அடையாள அட்டையைக்கூடக் கழற்றாமல் வந்திருந்தாள்.

"பல்ல கடிச்சிக்கினு படுத்துக்கினு இருக்காருண்ணா. முந்தாநாளு மறுபடி வந்துது. கட்டுப்போட்ட கைய தரையில அடிச்சிக்கறாரு, நான் என்னாத்த புடிக்கறது? அடுத்த வாட்டி உயிரே போயிடும்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. கேட்டா, 'நடுவுல ஒரு நாளு பயந்து ஒரு மாத்திர போட்டுட்டேன், அந்த அவிசுவாசத்துக்குத்தான் கர்த்தர் கைய எடுத்துக்கினாரு, மறுபடி போட்டா உயிர எடுத்துக்குவாரு'ங்கறாரு. பாஸ்டர் வந்து சொன்னாரு, கேக்கல. எங்க மாமியாரு கால்ல வுழுந்தாங்க, கேக்கல. நீங்க சொன்னா கேப்பாருண்ணா. உங்க மேல அவருக்கு அப்பிடி ஒரு இது."

என் மனைவி அவளுக்குக் காபி கொண்டுவந்து கொடுத்தாள். என்னைப் பார்க்கவில்லை. என் மனைவிக்குத் தெரியும், பென்சில் தாள் எங்கள் வீட்டு மேஜைமேல் கிடந்ததுதானே.

மறுநாள் ஆயரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். எழுந்து போய் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"அவன்கிட்ட தனியா சொல்லிடலாமே, பிரதர். சபையில எதுக்கு? சின்னச் சபை. விசுவாசத்துக்கு இடறலாப் போயிடும்."

"சபையிலதான் பொய் சொன்னோம், ஐயா."

"சொன்னோமா?" என்றார்.

"சொன்னேன்."

அவர் மேஜை டிராயரைத் திறந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்து என் முன்னால் வைத்தார். பிரஷருக்கு. "நானும் ரெண்டு வேள போடறேன். எட்டு வருசமா. பிரசங்கத்துல ஒரு வாட்டிகூட சொன்னதில்ல," என்றார். பிறகு, "ரெண்டு நிமிஷம் எடுத்துக்குங்க," என்றார்.

இங்கே ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். அவனிடம் முதலில் போகாமல் சபைக்கு முன்னால் நின்றது வீரம் அல்ல. நூற்றைம்பது பேரைப் பார்ப்பது அந்த ஒருவனைப் பார்ப்பதைவிடச் சுலபமாக இருந்தது.

ஞாயிறு ஆராதனையில் அறிவிப்புகளுக்குப் பிறகு எழுந்தேன். கையில் தாள் இல்லை. தாள் இருந்தால் திருத்தியிருப்பேன். "இந்தச் சபையில நீங்க கேட்டு அழுத சாட்சியெல்லாம் நான் எழுதினது," என்று ஆரம்பித்தேன். சிரித்தார்கள். நான் எழுந்தாலே சிரிப்பது எங்கள் சபையின் பழக்கம். "அதுல பாதி விளம்பரம்," என்றேன். இன்னும் பலமாகச் சிரித்தார்கள். பெண்கள் பக்கம் அவன் மனைவியும் களைப்போடு லேசாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டேதான் மிச்சத்தைச் சொன்னேன். மாத்திரையை அவன் எழுதியிருந்தான், நான் வெட்டினேன். நோய் இனித் தொடாது என்று அவன் எழுதவில்லை, நான் எழுதினேன். மாத்திரையை விட்டுவிட்டேன் என்று என்னிடம் வந்து சொன்னான். நான் பேசாமல் இருந்தேன்.

யாரோ ஒரு பெரியவர், நான் நிறுத்தியதைப் பார்த்து, பழக்கதோஷத்தில் "ஸ்தோத்திரம்" என்றார். டீச்சரம்மா தலையில் இருந்த முக்காட்டை முகம்வரை இழுத்துவிட்டுக்கொண்டார். அவன் மனைவி எழுந்து, வரிசையில் எல்லார் முழங்காலையும் இடித்துக்கொண்டு வெளியே போனாள். வாசலில் செருப்பைத் தேடவில்லை.

ஆராதனை முடிந்ததும் ஒருவர் வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "டச்சிங்கா இருந்துச்சி பிரதர். மடல்ல போடுங்க," என்றார்.

அவன் வீட்டுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது மனைவி எல்லாவற்றையும் சொல்லி முடித்திருந்தாள். கதவருகே நின்றிருந்தாள். வாங்கண்ணா என்று சொல்லவில்லை. அவன் கட்டிலில் சுவரோடு சாய்ந்து, இரண்டு கைகளையும் ஒரு தலையணைமேல், வேறு யாருடையதோ போல வைத்திருந்தான். நகங்கள் இருந்த இடத்தில் ஒரு நிறமும் இல்லை.

நான் ஸ்டூலில் உட்கார்ந்தேன். எப்படி ஆரம்பிப்பது என்று யோசிப்பதற்குள் அவனே கேட்டான்.

"அண்ணா, ஒண்ணே ஒண்ணுதான் கேக்கணும். 'இனி தொடாது'ன்னு போட்டீங்களே. அது யாரு சொன்னது?"

"நான்தாம்பா."

"அது தெரியுது. உங்களுக்கு யாரு சொன்னாங்க?"

எனக்குக் கேள்வி புரியவில்லை. அவன் பொறுமையாக விளக்கினான்.

"மாத்திர விசயத்த நீங்க எடுத்தது எனக்கு அன்னிக்கே தெரியும். படிக்கத் தெரியாதா எனக்கு? சுருக்கறாருன்னு நெனச்சிக்கினேன். ஆனா அந்தக் கடைசி வரி நான் எழுதல. நான் கேக்கவும் இல்ல. நான் எழுதாதது என் சாட்சியில எப்பிடி வந்துது? நான் யோசிச்சி யோசிச்சிப் பாத்தேன். நமக்கு அவ்ளோ விசுவாசம் இல்லன்னு தெரிஞ்சி, அண்ணன் கை வழியா கர்த்தரே எழுதியிருக்காருன்னு நெனச்சேன். அத நம்பித்தான் மாத்திரய வுட்டேன். டீச்சரம்மா கேட்டாங்கன்னு வுடல. அவங்க கெடக்கறாங்க."

வெளியே ஒரு ஆட்டோ போனது. அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பார்வையில் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. ஆமாம்பா, என் மனசில் அப்படி ஒரு ஏவுதல் வந்தது என்று நான் சொல்லியிருந்தால் நம்பியிருப்பான். அந்த மிச்சத்தை வைத்துக்கொண்டு மாத்திரை இல்லாமல் செத்தும் போயிருப்பான்.

"யாரும் சொல்லலப்பா," என்றேன். "முடிவு மொட்டையா இருந்துது. படிக்க நல்லா இருக்கணும்னு போட்டேன்."

"படிக்க நல்லா இருக்கணும்னு."

"ஆமா."

"ஜெபம் கிபம் பண்ணிட்டு எழுதினீங்களா?"

"இல்ல. புடவை நோட்டீஸ் ரெண்டு முடிச்சிட்டு, அதுக்கப்புறம் எழுதினேன்."

அவன் கொஞ்ச நேரம் தன் கைகளைப் பார்த்தான். அழவில்லை. திட்டவும் இல்லை. திட்டுவான் என்று எதிர்பார்த்து அதற்கு ஏற்ற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டிருந்தேன், அது வீணாயிற்று. பிறகு கதவுப் பக்கம் திரும்பினான்.

"ஏம்மா, அந்த மாத்திரய குடு."

அவள் ஓடிப்போய் அலமாரியிலிருந்து அட்டையை எடுத்தாள். அவசரத்தில் ஒரு மாத்திரை கீழே விழுந்து கட்டிலுக்கு அடியில் உருண்டது. நான் அட்டையை வாங்கி இன்னொன்றைப் பிதுக்கி, அவன் வாய்க்குப் பக்கத்தில் நீட்டினேன். அவன் வாயைத் திறக்கவில்லை. கோபமாக இல்லை. பஸ்ஸில் பக்கத்து ஆள் தெரியாமல் இடித்தால் நகர்ந்துகொள்வது மாதிரி முகத்தைக் கொஞ்சம் நகர்த்திக்கொண்டு மனைவியைப் பார்த்தான். அவள் என் விரலிலிருந்து மாத்திரையை எடுத்து அவன் நாக்கில் வைத்தாள். சொம்பைச் சாய்த்துத் தண்ணீர் விட்டாள். விழுங்கினான். தொண்டையில் அது இறங்குவதை நாங்கள் இரண்டு பேரும் பார்த்தோம்.

"அண்ணன் கெளம்புறாரு, பாரு," என்றான் அவளிடம்.

நான் அப்போது ஸ்டூலிலிருந்து எழுந்திருக்கவே இல்லை.